சந்தேக மாமா

மாமாவை நினைத்தால், ஒரு டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு அவர் நிற்பதுதான் முதலில் வருகிறது. காப்பியோ பாலோ மோரோ, எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்ப்பார். பிறகு கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பார்.

"எப்பக் கறந்த பாலு?"

"காலைல கறந்தது மாமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"கறந்ததுக்கும் வீட்டுக்குக் கொண்டு வந்ததுக்கும் நடுவுல என்ன நடந்துதுன்னு பாத்தியா?"

அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு "ம்" என்பார். பால் நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. நம்மை நம்பிவிட்டார் என்றும் அர்த்தமில்லை.

என் அப்பாவின் அக்காவைக் கட்டியவர் அவர். பிறந்தது பாளையங்கோட்டைதான். கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் சென்னையில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். கம்பெனிக்கு வருகிற சணல் கட்டுகளில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டியிருக்கிறார்களா, நடுவில் மட்டமான நாரை வைத்து வெளியே நல்ல நாரைச் சுற்றியிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். முப்பது வருஷம் கட்டுகளுக்குள் கையை விட்டுப் பார்த்தவர், பிறகு மனிதர்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்தார் என்று அப்பா சொல்வார். அவருக்குச் சந்தேக மாமா என்று பெயர் வைத்தது நான். அவர் முன்னால் அல்ல.

கல்கத்தாவிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொன்று கோல்ஃப். கம்பெனி அதிகாரிகளோடு ஆடிப் பழகியது. ஒவ்வொரு மே மாதமும் அவரும் அத்தையும் கொடைக்கானலுக்குப் போய்ப் பத்து நாள் தங்குவார்கள். அவர் காலையும் மாலையும் கோல்ஃப் ஆடுவார். அங்கிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கி, பிறகு ஒரு விடியலில் சென்னைக்குக் காரை எடுப்பார்கள். பிள்ளைகள் இல்லாத அவர்களுக்குச் சொந்தம் என்று போக எங்கள் வீடுதான் இருந்தது. காரை மாமாவேதான் ஓட்டுவார். டிரைவர் வைத்தால் பெட்ரோலைத் திருடுவான் என்பது அவர் கட்சி.

முதல் வருஷம் அவர் அந்த நீளமான தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கியபோது, எதிர்வீட்டுக்காரர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க அத்தான் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வச்சிருக்காரா?" என்று கேட்டார். அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். லைசென்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. அது பந்தடிக்கிற மட்டைகள் என்று அத்தை விளக்கிய பிறகும் எதிர்வீட்டுக்காரருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மாமாவைப் பார்க்கிற யாருக்கும் அவருடைய குணம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

அத்தை அவருக்கு நேர்மாறு என்றுதான் சொல்ல வேண்டும். எதையும் யாரிடமும் கேட்க மாட்டாள். சின்ன வயதிலிருந்தே வாய் பேசாத பிள்ளை என்று அப்பா சொல்வார். ஒரு தடவை, "நீங்களும் கோல்ஃப் ஆடுவீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"நான் எங்கட்டி ஆட? பந்து எங்கன விழுதுன்னு பாக்கத்தான் நான் போறது."

"அதுக்குத்தான் ஆள் இருப்பாங்களாமே?"

"இருந்தானுவ. பந்த ஒளிச்சு வச்சு மறுநாள் வேற ஆளுக்கு வித்துருதானுவன்னு இவருக்குச் சந்தேகம். இப்ப நாந்தான்."

அதை நேரில் பார்க்கவும் கிடைத்தது. தொண்ணூற்று நாலு மே மாதம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்து கிடந்த வயலில் மாமா எங்களுக்காக ஒரு பந்தை அடித்துக் காட்டினார். குனிந்து, தோளைத் திருப்பி, மட்டையை ஒரு வீசு. சத்தம்கூட அழகாக இருந்தது. பந்து வெயிலுக்குள் போய் மறைந்தது. மாமா தலையை நிமிர்த்தவே இல்லை.

"எங்கன?" என்றார்.

"பனைக்கு இடது பக்கம். வரப்புத் தாண்டி நாலு எட்டு" என்றாள் அத்தை.

அத்தை சொன்ன இடத்தில் பந்து கிடந்தது. நான் ஓடிப்போய் எடுத்துவந்து, அவர் வலது பக்கமாக நின்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டே நின்றார். "மாமா" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பி, "எதுக்குப் பின்னால வந்து நிக்கே?" என்று கோபப்பட்டார். நான் பின்னால் நிற்கவில்லை, பக்கத்தில்தான் நின்றேன். அதன் பிறகு இப்படிப் பல தடவை நடந்தது. யார் பக்கத்தில் வந்தாலும் ஒரு துள்ளல், "யாரு அங்கன?" என்று ஒரு அதட்டல். எங்கள் வீட்டிலேயே, எங்களையே.

அந்த வருஷத்திலிருந்துதான் அவரைப் பற்றி நாங்கள் ஆளுக்கொன்றாகச் சந்தேகப்பட ஆரம்பித்தோம்.

அம்மாவின் சந்தேகம் அத்தையைப் பற்றியது. மாமா அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடுவதில்லை. அவள் அடுக்களைக்குள் வந்தால் வாசலில் வந்து நிற்பார். கடைக்குப் போனால் கூடவே போவார், அதுவும் அவள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு. "நாலு வார்த்த நம்மகிட்டப் பேசிரக் கூடாதுன்னு காவல் நிக்காரு" என்பாள் அம்மா. அதோடு, பேசாத அத்தை காரில் ஏறினால் மட்டும் நிறுத்தாமல் பேச ஆரம்பித்திருந்தாள். "அந்தால ஒரு ஆடு நிக்கி. சைக்கிள்காரன் ஒருத்தன் வாரான். சின்னப் பிள்ளைய கூட்டமாப் போகுது. சோடாக் கடை. மாட்டு வண்டி." கண்ணில் படுகிறதையெல்லாம் குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டே வருவாள். மாமா ஒன்றும் சொல்லாமல் ஓட்டுவார். "மதினிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோ?" என்று அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

என் சந்தேகம் எளிமையானது. அவர் குடிக்கிறார் என்று நினைத்தேன். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். வெயிலில் நன்றாக நடப்பார், விளக்கு வைக்கிற நேரமானால் தடுமாறுவார். வேறு என்ன நினைப்பது?

அப்பாவின் சந்தேகம் தொண்ணூற்றாறு மே மாதத்தில் வந்தது. அந்த வருஷம் அவர்கள் வந்து தங்கிய கடைசி நாள், காலையில் நான் அடுக்களையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அளக்காரு" என்றார்.

"என்னத்த?" என்றாள் அம்மா.

"வீட்ட. சுவத்தத் தொட்டுக்கிட்டே எட்டு வச்சு எண்ணுதாரு. அந்த அறைல இருந்து பின்வாசல் வரைக்கும் ஒரு தடவ, திரும்பி ஒரு தடவ. எங்கண்ணால பாத்தேன்."

"எதுக்காம்?"

"எதுக்கா? அப்பா கெட்டுன வீடு. அக்காவுக்கும் பங்கு உண்டுல்லா. சும்மா ஒருத்தன் எட்டு வச்சு அளப்பானா?"

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, "வீட்ட வேணும்னாக் குடுத்திருவோம். மதினிய மனுசியா வச்சிருக்காரான்னு முதல்ல தெரியணும். இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நான் கேட்டே தீருவேன்" என்றாள்.

அன்றைக்கு எல்லாருமாகக் கல்லிடைக்குறிச்சிக்குப் போவதாக ஏற்பாடு. அத்தைக்கு ஆற்றில் குளிக்க வேண்டும், அப்பளம் வாங்க வேண்டும். போகும்போது அத்தை முன்னால் மாமா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல ஆடு, மாடு, சைக்கிள், பஸ் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

படித்துறையில் மாமா இறங்கவில்லை. மேல்படியில் நின்று, "பாசி பிடிச்சிருக்கும். நம்பக் கூடாது" என்றார்.

"பாசியெல்லாம் இல்ல அத்தான், பைய இறங்குங்க. நான் இருக்கேன்" என்று அப்பா கையை நீட்டினார். மாமா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் முகம் சுண்டிப் போனது. தனியாகப் போய்க் குளித்தார்.

நாங்கள் பெண்கள் பக்கம் இறங்கினோம். மே மாதத்துத் தண்ணீர், இடுப்பளவுதான், ஆனால் குளிர்ச்சி குறையவில்லை. அத்தை ஒவ்வொரு முழுக்குக்கும் தலையைத் தூக்கி மேல்படியைப் பார்த்துக்கொண்டாள். அவள் சோப்புப் போடக் கையைத் தூக்கியபோதுதான் அம்மா பார்த்தாள். முழங்கைக்கு மேலே வரிசையாக நீலம் பாரித்த தடங்கள்.

"இது என்ன மதினி?"

"எங்கயோ இடிச்சுக்கிட்டேன்."

"அஞ்சு விரலுமா இடிச்சுது?"

அத்தை ஒரு முழுக்குப் போட்டாள். எழுந்தபோது பேச்சு மாறியிருந்தது. "சீக்கிரம் ஏறுவோம். வெயில்ல நிக்காரு" என்றாள்.

திரும்பும்போது அம்மா காரியத்தை முடித்தே தீருவது என்று இருந்தாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம், "அண்ணாச்சி, மதினி எங்கூடப் பின்னால இருக்கட்டும். இந்த ஒரு நாள்தான்" என்றாள்.

"அவ முன்னாலதான் இருப்பா" என்றார் மாமா.

"ஏன், நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்?"

அதற்குள் அப்பா முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாமா கார்ச் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அத்தை அவரைப் பார்த்தாள். எனக்கு அப்போது அது ஒரு கெஞ்சல் மாதிரித் தெரிந்தது, தனக்காகக் கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். மாமா ஏறி வண்டியை எடுத்தார்.

அத்தை எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, முன் இருக்கைகளுக்கு இடையில் தலையை நீட்டிக்கொண்டு வந்தாள். "பஸ் வருது. பெரிய பஸ். கிழவி ஒருத்தி ஓரமாப் போறா. இடது பக்கம், இடது பக்கம்." வீரவநல்லூர் தாண்டியது. சேரன்மகாதேவி தாண்டியது. அம்மா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மதினி, இங்க பாருங்க. மெள்ளக் கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். அண்ணாச்சி கை நீட்டுதாரா?"

அத்தைக்கு முதலில் புரியவில்லை. "யாரு?" என்றாள்.

"அண்ணாச்சி. ஒங்கள அடிக்காரா?"

அத்தை முழுதாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடி இருந்தது. "இவரா?" என்றாள். "என்னையா?" அவள் கண் நிறைந்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் முழுக்க அவள் சாலையைப் பார்க்கவில்லை.

பத்தமடை ஊருக்குள் நுழைகிற இடம். இடது பக்கச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பாய் பின்னுகிற கோரைக் கட்டு ஒன்று அதன் பின்னால் குறுக்காக வைத்துக் கட்டியிருந்தது. நான் பார்த்தேன். அப்பா பார்த்து, "அத்தான்" என்று கத்தினார். மாமா நேரே பார்த்தபடி, வேகத்தைக் குறைக்காமல் போனார். கார் சைக்கிளின் பின்சக்கரத்தில் மோதியது. சைக்கிளில் வந்தவர் தூக்கி எறியப்பட்டு, கோரைக் கட்டின் மேல் ஒரு பாதியும் சாலையின் மேல் ஒரு பாதியுமாக விழுந்தார். கட்டு அறுந்து கோரை சாலை முழுக்கச் சிதறியது.

உடனே ஆட்கள் கூடிவிட்டார்கள். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். பெயர் மைதீன் என்று அப்போதே யாரோ கூப்பிட்டார்கள். நாற்பது வயது இருக்கும். இடது கை முழங்கைக்குக் கீழே கோணலாக இருந்தது.

மாமா காரை விட்டு இறங்கினார். ஒருவர் அவர் முன்னால் வந்து, "ஏம்யா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்றார்.

"அவன் வேணும்னே வந்து விழுந்தான்" என்றார் மாமா. "இந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியும். எத்தன பாத்திருக்கேன்."

கூட்டத்திலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்தது. பக்கத்திலிருந்து வந்த கை. அது வருவது தெரியாமல் மாமா அப்படியே ஆடிப்போனார். அப்பா இடையில் புகுந்து, "விடுங்க, பெரியவரு, விடுங்க" என்றார். யாரும் விடுகிற மாதிரி இல்லை.

அத்தை இறங்கி வந்தாள். என்றைக்கும் நாலு பேர் முன்னால் பேசாதவள். குரல்கூடச் சரியாக வரவில்லை.

"ஐயா, அவருக்குக் கண்ணு தெரியாது" என்றாள். "நேரா மட்டுந்தான் தெரியும். ரெண்டு பக்கமும் தெரியாது. வண்டில நாந்தான் பாத்துச் சொல்லிக்கிட்டு வருவேன். இன்னைக்கு நான் சொல்லாம விட்டுட்டேன். எந்தப்புதான்."

சட்டையைப் பிடித்த கை விட்டது. மாமா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி அவளைத் தேடினார். அவள் மூன்றடி தூரத்தில்தான் நின்றாள். கண்டுபிடிக்க நேரமாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"ஒங்க கோல்ஃப் பையில டாக்டர் சீட்டு இருந்தது. பாத்து ரெண்டு வருசமாச்சு."

மாமா அவளையே பார்த்தார்.

"எம் பைய நீ குடைஞ்சியா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் பிறகு துண்டுதுண்டாகத் தெரியவந்தது. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு டாக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரத்திலிருந்து பார்வை போய்க்கொண்டிருக்கிறது, உடனே மருந்து போட வேண்டும், தேவைப்பட்டால் ஆபரேஷனும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறார். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னதால், பேசி வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள் என்று மாமா முடிவு செய்தார். சீட்டைப் பையில் போட்டுவிட்டு அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. அத்தை சீட்டைப் பார்த்த பிறகு, தனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால் மனிதர் உடைந்துவிடுவார் என்று பயந்தாள். அதனால் காரில் பேச ஆரம்பித்தாள். அவள் ஏன் பேசுகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அவளைச் சும்மா இரு என்று சொன்னதில்லை.

அங்கே நின்ற ஒரு வேன் டிரைவர் எங்கள் காரை ஓட்ட முன்வந்தார். மைதீனை முன் இருக்கையில் உட்கார வைத்துப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்னால் மாமா, அத்தை, நான். அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வந்தார்கள். மைதீன் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தார். அத்தை மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு பேசாமல் வந்தாள். முன்னீர்ப்பள்ளம் தாண்டியதும் மாமா, "ஏன் பேசாம வாரே?" என்றார்.

"இப்ப நீங்க ஓட்டலையே."

"பரவால்ல. சொல்லு."

அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "வலது பக்கம் எருமை நிக்கி. ரெண்டு."

"ரெண்டுதானா? நல்லாப் பாத்தியா?"

"ரெண்டுதான்."

மறுநாள் அவர்கள் சென்னைக்குப் போகவில்லை. முதல் வேலையாக அப்பா, தன் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டார். "நேத்துக் காலைல என்னத்த அத்தான் எண்ணுனீங்க?"

"கட்டில்ல இருந்து கக்கூஸுக்கு எத்தன எட்டுன்னு. பதினேழு" என்றார் மாமா. "நீ என்னன்னு நெனச்சே?"

அப்பா வாசலுக்குப் போய்விட்டார். என் சந்தேகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன். அம்மா மட்டும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நீலத் தடங்களைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். படியேறும்போது, படியிறங்கும்போது, கூட்டத்தில் நடக்கும்போது அவர் பிடித்த பிடி அது. "பயம் மதினி அவருக்கு. பயத்துல பிடிக்காரு. எவ்வளவு அழுத்துதோம்னு தெரியாது" என்றாள் அத்தை.

கண் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார். மாமா அதே கேள்வியை நாலு விதமாக மாற்றி மாற்றிக் கேட்டார். நாலு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. வெளியே வந்து, "இவனும் அவனுவளோட சேந்தவன்தான்" என்றார். நாங்கள் தெருவில் பத்தடி நடந்த பிறகு, "மருந்த வாங்கிக்கோ" என்று அத்தையிடம் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் பத்தமடைக்கு, மைதீன் வீட்டுக்குப் போனோம், வாடகைக் காரில். கையில் மாவுக்கட்டோடு அவர் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்றார். மாமா உட்காரவில்லை.

"நீரு ஏன் போலீஸ்ல சொல்லல?"

"என்னத்தச் சொல்ல சார். நானும் சந்துல இருந்து வரும்போது இந்தப் பக்கம் பாக்கல. ரெண்டு பேருமே பாக்கலேன்னு வைங்களேன்."

"இப்பிடிச் சொல்லச் சொல்லி ஒம்மகிட்ட யாரு சொன்னா?"

அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மைதீன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "யாரும் சொல்லல சார். நாந்தான் சொல்லுதேன். மொதல்ல உக்காருங்க, ஒங்களுக்கு நேரா ஒரு பாய் கெடக்கு" என்றார். அவர் வீட்டுக்காரம்மா டீ கொண்டுவந்தார். மாமாவுக்கு முன்னால், அவர் கண்ணுக்கு நேராக நீட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படி நீட்டினார். மாமா முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

மைதீனுக்குக் கை கூடுகிறவரை வீட்டுச் செலவை மாமாதான் பார்த்துக்கொண்டார். எங்கள் மூலமாகத்தான் அனுப்புவார். கொடுத்துவிட்டீர்களா, நீங்களே உங்கள் கையால் கொடுத்தீர்களா என்று மூன்று தடவை கேட்பார்.

அதோடு கொடைக்கானல் நின்றது. கார் ஒரு டிரைவரோடு சென்னைக்குப் போய், கொஞ்ச நாளில் வேறொருவருக்குப் போய்விட்டது. அவர்கள் பிறகு பாளையங்கோட்டைக்கு வரவேயில்லை. கடிதம் மட்டும் வரும். மாமா சொல்ல, அத்தை எழுதுவாள். எல்லாக் கடிதமும் விசாரணைதான். மைதீன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறாரா, நீ நேரில் பார்த்தாயா, இல்லை யாரும் சொன்னார்களா. உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாமே, பையன் வேலை பார்க்கிற ஆபீசுக்குப் போய் யாராவது விசாரித்தார்களா.

இரண்டு வருஷம் கழித்து ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்து எனக்கு இதை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டியது. நான் சொல்லாததையும் உன் அத்தை சேர்த்து எழுதுகிறாள் என்று சந்தேகப்படுகிறேன்." அந்த வரிகளையும் அத்தைதான் எழுதியிருந்தாள். அவள் உருண்டைக் கையெழுத்தில், ஒரு எழுத்துக்கூட விடாமல்.

கடிதத்தைத் திருப்பினால், ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கத்தில் சின்னதாக நாலு வரி. "இப்போது நேராகவும் தெரியவில்லை. ஒரு மாதமாகிறது. யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குகிறார். உன் அப்பாவிடம் மட்டும் பையச் சொல்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமாதானபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார்.

"யாரு?"

"நாந்தான் மாமா. கடிதம் வந்துது."

"வாசி."

வாசித்தேன். தேதி, நலம் விசாரிப்பு, மைதீன், மாப்பிள்ளை, அத்தை மேலுள்ள சந்தேகம், எல்லாவற்றையும் வாசித்தேன். அவர் குறுக்கே பேசவில்லை. பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அத்தை பக்கத்தில் வந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா."

"மடிப்புல பாத்தியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூத்காரர் தினசரி வாசித்துக்கொண்டிருந்தார். நான் மடிப்பைக் கட்டைவிரலால் மூடியிருந்தேன், யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி.

"பாத்தேன் மாமா. மடிப்புல ஒண்ணும் இல்ல."

"சரி, அத்தைக்கிட்டக் குடுக்கேன்" என்றார்.

அவர் என்னை நம்பவில்லை. அந்தக் குரலிலேயே தெரிந்தது. பத்து நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது. அதையும் அத்தையைத்தான் எழுதச் சொல்லியிருந்தார்.